ஒரு கோடைக்குள் அடங்கும் வேலை: கட்டற்ற வியூக விளையாட்டுக்கு மாணவர் முன்மொழிவைத் திட்டமிடுதல்

1995-ஆம் ஆண்டின் இறுதியில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள், 'சிவிலைசேஷன்' என்ற வணிக விளையாட்டைப் போன்ற ஒன்றை யூனிக்ஸ் கணினிகளில் பலர் சேர்ந்து ஆடும்படி எழுதத் தொடங்கினார்கள். 1996 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. 'ஃப்ரீசிவ்' என்று பெயர் பெற்ற அந்த விளையாட்டு, தொடங்கியவர்கள் விலகிய பிறகும் கைமாறிக் கைமாறி இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த மூவரும் யாரிடமும் முன்மொழிவு கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இன்று ஒரு கட்டற்ற விளையாட்டுத் திட்டத்துக்கு வரும் மாணவரின் நிலை வேறு. அவர் வரும்போது விளையாட்டு ஏற்கெனவே இருக்கிறது. லட்சக்கணக்கான வரி நிரல் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஆடிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். சம்பளமில்லாமல் சொந்த நேரத்தைக் கொடுத்துப் பராமரிக்கும் சிலர் இருக்கிறார்கள். வெற்று மனையில் வீடு கட்டுபவர் தன் விருப்பப்படி கட்டலாம். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை சேர்க்க வருபவர், எந்தச் சுவர் எவ்வளவு தாங்கும் என்று கேட்டறிந்த பிறகுதான் கடப்பாரையைத் தொட வேண்டும். அப்படிக் கேட்டறிந்ததன் எழுத்து வடிவம்தான் முன்மொழிவு.

அதை எப்படித் திட்டமிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை எந்தக் கட்டத்தில் நின்றுபோனாலும், அதுவரை முடிந்த பகுதி விளையாட்டில் சேர்ந்து ஆட்டக்காரருக்குப் பயன்பட வேண்டும். அப்படிப் பகுக்கப்பட்ட முன்மொழிவே நல்ல முன்மொழிவு. மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

பின்னணி

மாணவர் முன்மொழிவு என்ற வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது கூகுள் நிறுவனம் 2005-இல் தொடங்கிய 'சம்மர் ஆஃப் கோட்'. முதல் ஆண்டில் சுமார் 400 மாணவர்கள் தேர்வானார்கள். 20 ஆண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றுவிட்டார்கள். முதல் பத்து ஆண்டுக் கணக்கில் மிக அதிகமான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்பது நம் பக்கத்து மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பெரிய நகரமோ பெரிய ஆய்வகமோ இதற்குக் கட்டாயமில்லை. மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு வழி காட்டும் பழக்கம் வேரூன்றினால் ஒரே கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பலர் தேர்வாக முடியும்.

நடைமுறை எளியது. கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் தங்களுக்குத் தேவையான வேலைகளின் பட்டியலை வெளியிடும். மாணவர் அதிலிருந்து ஒன்றை எடுக்கலாம், சொந்த யோசனையையும் கொண்டுவரலாம். ஒருவர் மூன்று முன்மொழிவுகள் வரை தரலாம், ஒன்றுதான் ஏற்கப்படும். தேர்வானதும் சில வாரம் அறிமுகக் காலம், பிறகு நிரல் எழுதும் காலம், நடுவில் ஒரு மதிப்பீடு, முடிவில் ஒரு மதிப்பீடு. ஒவ்வொரு மாணவருக்கும் அந்தத் திட்டத்தைச் சேர்ந்த ஒருவர் மென்டராக, அதாவது வழிகாட்டியாக, இருப்பார்.

வேலையின் அளவு காலப்போக்கில் மாறியிருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் கோடை முழுவதும் முழுநேர வேலை. 2021-இல் அது 175 மணி நேரமாகச் சுருங்கியது. 2022 முதல் 175, 350 என இரண்டு அளவுகள் வந்தன; மாணவர் அல்லாத புதியவர்களும் 18 வயது நிறைந்திருந்தால் சேரலாம் என்றானது. 2024-இல் 90 மணி நேரச் சிறு திட்டமும் சேர்ந்தது. இந்த எண்களை மாணவர்கள் பெரும்பாலும் கூகுள் தரும் உதவித்தொகையின் அளவாகவே பார்க்கிறார்கள். திட்டமிடுபவருக்கு அவை வேலையின் எல்லையைக் குறிக்கும் எண்கள். 12 வாரத்தில் 175 மணி என்றால் வாரத்துக்குச் சுமார் 15 மணி. 350 என்றால் சுமார் 29 மணி. எந்த யோசனையும் இந்தச் சட்டகத்துக்குள் பொருந்தியாக வேண்டும்.

வியூக விளையாட்டின் தனித்தன்மை

ஓர் இணையதளத்துக்கோ நூலகத் தொகுப்புக்கோ எழுதும் முன்மொழிவின் அச்சில் வியூக விளையாட்டுக்கும் எழுதிவிட முடியாது. காரணங்கள் நான்கு.

முதலாவது, ஒத்திசைவு. பலர் சேர்ந்து ஆடும் வியூக விளையாட்டுகள் பலவற்றில் ஒவ்வொருவர் கணினியிலும் ஆட்டம் தனித்தனியாகக் கணக்கிடப்படுவது வழக்கம். வலையில் பயணிப்பவை பெரும்பாலும் கட்டளைகள் மட்டுமே. எனவே ஒரே கட்டளைக்கு எல்லாக் கணினியிலும் ஒரே விடை வர வேண்டும். எங்கோ ஒரு பின்ன எண் கடைசி இலக்கத்தில் மாறினாலும், தற்செயலைத் தீர்மானிக்கும் தாயத்தை ஒருவர் கணினி ஒருமுறை கூடுதலாக உருட்டினாலும், இரண்டு பேர் இரண்டு வேறு ஆட்டங்களை ஆடத் தொடங்கிவிடுவார்கள். '0 ஏ.டி.' என்ற நிகழ்நேர வியூக விளையாட்டு இதற்காகவே தன் ஆட்டக் கணக்கில் மிதவைப் புள்ளி எண்களைத் தவிர்த்து நிலைப்புள்ளி எண்களைப் பயன்படுத்துகிறது. ஆட்ட விதியைத் தொடும் எந்த முன்மொழிவும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

இரண்டாவது, பழைய கோப்புகள். சேமித்த ஆட்டம், ஆடி முடித்த ஆட்டத்தின் மறுஓட்டப் பதிவு, பயனர்கள் உருவாக்கிய வரைபடங்கள், கதைத் தொடர்கள் எல்லாம் பழைய அமைப்பை நம்பி இருக்கின்றன. உள்ளே ஒரு பெயரை மாற்றினால் எங்கோ ஒருவர் பல மாதம் உழைத்து எழுதிய கதைத் தொடர் திறக்காமல் போகலாம்.

மூன்றாவது, சமநிலை. நிரல் சரியாக ஓடுவதும் ஆட்டம் நன்றாக இருப்பதும் ஒன்றாகிவிடாது. பிழையே இல்லாத ஒரு மாற்றம் ஒரு படைப்பிரிவை வெல்ல முடியாததாக ஆக்கிவிடலாம். இதைப் பரிசோதனை நிரல்கள் பிடிக்காது; பலமுறை ஆடிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு நேரம் வேண்டும். முன்மொழிவுகளில் பெரும்பாலும் ஒதுக்கப்படாத நேரம் இதுதான்.

நான்காவது, உரிமமும் துணை நூலகங்களும். இந்த விளையாட்டுகள் பல ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் இருப்பவை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கட்டப்படுபவை. புதிய நூலகம் ஒன்றைச் சேர்க்கலாம் என்று எழுதும் மாணவர், அதன் உரிமம் பொருந்துமா, மூன்று இயங்குதளங்களிலும் அதைக் கட்டித் தருபவர்களுக்கு எவ்வளவு சுமை கூடும் என்பதையும் எழுத வேண்டும்.

வெஸ்நாத் காட்டும் பாடம்

இந்தக் கேள்வியை ஆராய மிகப் பொருத்தமான உதாரணம் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. டேவிட் வைட் என்பவர் 2003-இல் தொடங்கிய, முறைவைத்து ஆடும் வியூக விளையாட்டு இது. அறுகோணக் கட்டங்களால் ஆன வரைபடம். காடு, மலை, நீர் என நிலத்துக்கேற்ப மாறும் தற்காப்பு. விடியல் முதல் பின்னிரவு வரை ஆறு முறைகளாகச் சுழலும் பொழுது. ஒழுங்கு சார்ந்த படைகள் பகலில் 25 விழுக்காடு கூடுதல் வலிமையோடும், குழப்பம் சார்ந்த படைகள் இரவில் அதே அளவு கூடுதல் வலிமையோடும் போரிடும். விளையாட்டை ஓட்டும் இயந்திரம் சி++ மொழியில் எழுதப்பட்டது. படைப்பிரிவுகள், காட்சிகள், கதைகள் எல்லாம் 'டபிள்யூ.எம்.எல்.' என்ற தனிக் குறிமொழியில் இருக்கின்றன. பின்னர் லுவா மொழியும் சேர்ந்தது. இந்தப் பிரிவினையால்தான் நிரல் தெரியாதவர்களும் கதைத் தொடர்களை எழுதிச் சேர்க்க முடிந்தது.

வெஸ்நாத் 2008 முதல் பல கோடைகளில் சம்மர் ஆஃப் கோட் மாணவர்களை ஏற்றது. அவற்றில் சிலவற்றை வரிசையாகப் பார்த்தால் முன்மொழிவின் அளவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு புலப்படும்.

தொடக்கத்தில் நடந்த முயற்சிகளில் ஒன்று, கணினி எதிராளியின் முடிவுகளைச் சூத்திரங்களாக எழுதும் தனி மொழி. எண்ணம் துணிச்சலானது. ஆனால் ஒரு புதிய மொழிக்கு, அதில் எழுதும் ஆட்களும் வேண்டும். பின்னாளில் லுவா வந்தபோது எதிராளி நிரல்கள் அந்தப் பக்கம் நகர்ந்தன. சூத்திர மொழி மறையவில்லை. இயந்திரத்தின் வேறு இடங்களில் சிறிய கணக்குகளுக்குப் பயன்பட்டது. பெரிய கனவின் சிறிய பகுதி தனியாகப் பயன்படும்படி இருந்ததால்தான் அது பிழைத்தது.

2009-இல் நடந்த வேலை கணினி எதிராளியின் கட்டமைப்பையே திருத்தியது. அதுவரை ஒரே நிரலுக்குள் பின்னிக் கிடந்த முடிவுகள் 'வேட்புச் செயல்' என்ற தனித்தனி அலகுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வோர் அலகும் தற்போதைய நிலையைப் பார்த்துத் தனக்கு ஒரு மதிப்பெண் சொல்லும். அதிக மதிப்பெண் பெற்றது செயல்படும். பிறகு மீண்டும் மதிப்பீடு. படை திரட்டலுக்கு 1,80,000, தாக்குதலுக்கு 1,00,000, கிராமங்களைக் கைப்பற்றுவதற்கு 60,000 என்று அடிப்படை மதிப்பெண்கள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஆட்டக்காரர் கண்ணுக்கு இந்த மாற்றம் உடனே தெரிந்திருக்காது. ஆனால் அதன் பிறகு வந்த ஒவ்வொருவரும் ஓர் அலகை மட்டும் தொட்டு வேலை செய்ய முடிந்தது. அடுத்தவர் நுழைவதற்கு வாசல் திறந்துவிட்டதே அந்தக் கோடையின் பெரும்பயன்.

அந்த வாசல் வழியாக வந்ததுதான் 2013-இன் படை திரட்டல் வேலை. எந்தப் படைவீரனை எப்போது சேர்ப்பது என்ற ஒரே முடிவை அது எடுத்துக்கொண்டது. வரைபடத்தில் போர் நடக்கக்கூடிய இடங்களைக் கணித்து, அங்கே எதிரியின் படைக்கு ஈடுகொடுப்பவர் யார் என்று ஒப்பிட்டுத் தேர்ந்தது. ஓர் அலகு, ஒரு முடிவு, தெளிவான எல்லை. 2014-இல் வந்த 1.12 பதிப்பில் அது ஆட்டக்காரர்களைச் சென்றடைந்தது.

2010-இல் எழுதப்பட்ட 'வொயிட்போர்டு' வசதி வேறு வகை. எதிராளி ஆடும்போதே நம் நகர்வுகளைத் திட்டமாக வரைந்து வைக்கவும், அதைக் கூட்டாளிகள் பார்க்கவும் அது வழிசெய்தது. மாணவர் அதை எழுதியது ஒரு கோடையில். நிலைப் பதிப்பான 1.10-இல் அது ஆட்டக்காரர் கைக்கு வந்தது 2012 ஜனவரியில். இடைப்பட்ட காலம் முழுவதும் பிழை திருத்தமும் மெருகும். 12 வாரம் என்பது எழுதுவதற்கான காலம் மட்டுமே. ஒரு வசதி பக்குவமடைய ஆண்டுகள் ஆகும். முன்மொழிவு எழுதுபவர் இதை மனத்தில் வைத்தால், 'கோடை முடிந்த பிறகு' என்ற தலைப்பில் ஒரு பத்தியையாவது எழுதத் தோன்றும்.

எந்த வகை யோசனை?

மாணவர் கொண்டுவரும் யோசனைகள் நான்கு வகைக்குள் அடங்குகின்றன: கணினி எதிராளி, திரை இடைமுகம், வலை வழி ஆட்டம், படைப்பாளர்களுக்கான கருவிகள். ஓவியமும் இசையும் கதையும் விளையாட்டின் உயிர் என்றாலும், நிரல் எழுதுவதற்கான திட்டத்தில் அவை மட்டுமே கொண்ட முன்மொழிவுக்கு இடமில்லை.

கணினி எதிராளி மாணவர்களை மிக அதிகமாக ஈர்க்கிறது. மிக அதிகமாக ஏமாற்றுவதும் அதுவே. 'எதிராளியை மேலும் புத்திசாலியாக்குவேன்' என்ற வாக்கியத்தை வைத்து எதையும் அளக்க முடியாது. மேம்பட்டது என்று காட்ட ஆட்டங்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெஸ்நாத்தைத் திரையே இல்லாமல் எதிராளிக்கு எதிராளியாக ஓடவிடும் வசதி இருக்கிறது. 100 ஆட்டம் ஓட்டிப் புதிய எதிராளி 55 வென்றால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இருவரும் சமமாக இருந்தாலே 100 ஆட்டத்தில் 40 முதல் 60 வரை எந்த எண்ணும் தற்செயலாக வரலாம். 1,000 ஆட்டம் ஓட்டினால் அந்த இடைவெளி ஏறத்தாழ 47 விழுக்காட்டுக்கும் 53 விழுக்காட்டுக்கும் இடையே சுருங்கும். அப்போது 55 விழுக்காடு வெற்றி உண்மையிலேயே ஏதோ சொல்கிறது. முதலில் ஆடுபவருக்குக் கிடைக்கும் சாதகம் நீங்க, பக்கங்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்; ஒரே வரைபடத்தில் வென்றது போதாது. இந்த அளவீட்டு முறையை முன்மொழிவிலேயே எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் உள்ள வேறுபாடு, படிக்கும் மென்டருக்கு உடனே தெரிந்துவிடும்.

திரை இடைமுக வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் எல்லா ஆட்டக்காரருக்கும் அதைப் பற்றிக் கருத்து இருக்கும். பொத்தானை இடம் மாற்றினாலே விவாதம் எழும். மொழிபெயர்ப்பில் சொற்கள் நீளும். சிறிய திரையில் பெட்டி பொருந்தாது. எனவே வரைமாதிரிகளை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற்ற முன்மொழிவுக்குத்தான் இங்கே உறுதி உண்டு.

வலை வழி ஆட்டத்தைத் தொடும் வேலை மிகக் கடினமானது. புதியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சேவையகம் நின்றால் எல்லோருடைய ஆட்டமும் நின்றுவிடும். பாதுகாப்புக் குறை நேர்ந்தால் ஆட்டத்தோடு முடியாது.

நான்காவது வகையான கருவிகள் மாணவர்களின் கண்ணில் படுவதே இல்லை. வரைபடத் தொகுப்பான், குறிமொழிப் பிழை காட்டி, பழைய கோப்புகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் நிரல் ஆகியவை ஆட்ட விதியைத் தொடாதவை. ஒத்திசைவுக்கு ஆபத்து இல்லை. சிறு சிறு பகுதிகளாக வெளியிடலாம். கதை எழுதும் ஒவ்வொருவருக்கும் அன்றாடம் பயன்படும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முக்கியமானவர்களுள் ஒருவரான எரிக் ரேமண்ட், வெஸ்நாத் குறிமொழியைச் சரிபார்க்கும் கருவியை எழுதித் தந்தவர். முதல் கோடைக்கு வரும் மாணவருக்கு நான் முதலில் காட்டும் திசை இதுதான்.

எழுதும் முன்

நல்ல முன்மொழிவின் பெரும்பகுதி எழுத உட்காரும் முன்பே முடிந்துவிடுகிறது. முதல் படி, விளையாட்டை ஆடுவது. ஒரு கதைத் தொடரையாவது முடிக்காதவர் எதிராளியின் குறையைப் பற்றி எழுதுவது எடுபடாது. இரண்டாவது படி, மூல நிரலை எடுத்துச் சொந்தக் கணினியில் கட்டி ஓட்டுவது. வெஸ்நாத்தின் மையப் பகுதி மட்டும் சுமார் 2 லட்சம் வரி சி++ என்று 2011-இல் அதன் கட்டமைப்பைப் பற்றி டேவிட் வைட்டும் சேர்ந்து எழுதிய கட்டுரை குறிப்பிட்டது. பழைய மடிக்கணினியில் அதை முழுவதும் கட்டி முடிக்க நெடுநேரம் ஆகும். அந்தக் காத்திருப்பு எவ்வளவு என்று தெரிந்தவர்தான் ஒரு நாளில் எத்தனை சோதனை சாத்தியம் என்று கணக்கிட முடியும்.

மூன்றாவது படி, ஒரு சிறிய பேட்ச், அதாவது நிரலில் ஒரு திருத்தம். வெஸ்நாத் புதியவர்களுக்கென்றே எளிய வேலைகளின் பட்டியலைப் பராமரித்து வந்தது. பிற திட்டங்களிலும் 'முதல் வேலைக்கு ஏற்றது' என்ற குறியோடு பிழைகள் பட்டியலிடப்பட்டிருக்கும். அதில் ஒன்றை எடுத்து முடிப்பதன் பயன், திருத்தப்படும் வரிகளைவிடப் பெரியது. நிரல் எழுதும் நடை, திருத்தம் கேட்கும் விதம், ஒரு மாற்றம் ஏற்கப்பட எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் அந்த ஒரு வேலையிலேயே தெரிந்துவிடும். மென்டருக்கும் அந்த மாணவர் யார் என்று தெரிந்துவிடும். விமர்சனத்தைக் கேட்டு இரண்டாம் முறை அமைதியாகத் திருத்தி அனுப்பிய மாணவர், பாதித் தேர்வை அங்கேயே முடித்துவிட்டார்.

நான்காவது படி, இதே வேலையை முன்பு யாராவது தொட்டார்களா என்று தேடுவது. கட்டற்ற திட்டங்களில் உரையாடலும் தோல்வியும் பொதுவில் கிடக்கின்றன. பாதியில் நின்ற முயற்சி கிடைத்தால், ஏன் நின்றது என்று புரிந்துகொண்டு எழுதும் ஒரு பத்தி பத்துப் பக்கக் கனவைவிட நம்பிக்கை தரும்.

முன்மொழிவின் உடல்

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர், 'வெஸ்நாத்தின் கணினி எதிராளி பொழுதை மதிக்காமல் தாக்குகிறது. அதைத் திருத்துவேன்' என்கிறார். ஆடியவர்களுக்குப் புரியும் குறை இது. ஆனால் இந்நிலையில் இது யோசனை மட்டுமே.

முதல் பகுதியில் குறையைச் சான்றோடு நிறுவ வேண்டும். குழப்பம் சார்ந்த ஓர்க் படை பகலில் முன்னேறி அழிந்த ஆட்டங்களின் பதிவுகளை இணைக்கலாம். எந்த முறையில் எந்த நகர்வு தவறு என்று குறிக்கலாம்.

இரண்டாம் பகுதி இப்போதைய நிலை. தாக்குதலை மதிப்பிடும் நிரல் எந்தக் கோப்பில் இருக்கிறது, எதிரியின் வலிமையை அது எப்படிக் கணக்கிடுகிறது, மூர்க்கம், எச்சரிக்கை என்ற அளவுருக்கள் அதில் எங்கே நுழைகின்றன என்று எழுத வேண்டும். மூர்க்கத்தின் இயல்பு மதிப்பு 0.4, எச்சரிக்கையின் இயல்பு மதிப்பு 0.25. பொழுதைப் பற்றிய கணக்கு ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கலாம். அப்படியானால் குறை அங்கே இருக்கிறதா, அதைப் பயன்படுத்தாத வேறோர் இடத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய மாணவரின் முன்மொழிவு பெரும்பாலும் முதலில் நினைத்ததிலிருந்து மாறிவிடும். அந்த மாற்றமே அவர் படித்தார் என்பதற்குச் சான்று.

மூன்றாம் பகுதி வடிவமைப்பு. இங்கே கட்டங்கள் வருகின்றன. முதல் கட்டம், பொழுது சார்ந்த தவறுகளை எண்ணும் சோதனைக் கருவி. இரண்டாவது, அடுத்த இரண்டு முறைகளின் பொழுதைப் பார்த்துத் தாக்குதலின் மதிப்பைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு. மூன்றாவது, தாக்காமல் விட்ட படைகள் எங்கே நின்று காத்திருக்க வேண்டும் என்ற முடிவு. மூன்றாவது நிறைவேறாவிட்டாலும் முதல் இரண்டும் பயன்படும். இரண்டாவதும் தடுமாறினால், முதலாவது அடுத்து வருபவருக்கு அளவுகோலாக இருக்கும். நான் சொல்லும் பகுப்பு இதுவே.

நான்காம் பகுதி, செய்யப்போவதில்லை என்ற பட்டியல். கதைத் தொடர்களில் தனியாக எழுதப்பட்ட எதிராளிகளைத் தொடமாட்டேன், படைகளின் எண்மதிப்புகளை மாற்றமாட்டேன் என்று எழுதிவிட்டால், கோடையின் நடுவில் வரும் ஆசைகளுக்கும் பிறரின் கோரிக்கைகளுக்கும் அந்தப் பட்டியலே பதில் சொல்லும். மாணவர்கள் எழுதத் தயங்கும் பகுதி இது. படிப்பவருக்கு மிகவும் நிம்மதி தரும் பகுதியும் இதுவே.

இறுதியில் மாணவரைப் பற்றி. பட்டங்களும் சான்றிதழ்களும் இங்கே அதிகம் உதவாது. ஏற்கப்பட்ட பேட்சுகள், தெரிந்த மொழிகள், அந்தக் கோடையில் வேறு என்ன கடமைகள் உள்ளன என்பது போதும்.

கால அட்டவணை

வாரவாரியான அட்டவணை எல்லா முன்மொழிவிலும் இருக்கிறது. 'வாரம் 1: நிரலைப் படித்தல், வாரம் 2 முதல் 10 வரை: எழுதுதல், வாரம் 11: சோதனை, வாரம் 12: ஆவணம்' என்ற வடிவில் வருபவை திட்டமே ஆகாது. படித்தல் முன்மொழிவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சோதனை எழுத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

மேலே சொன்ன உதாரணத்துக்கு 175 மணி என்று வைத்தால், முதல் மூன்று வாரத்தில் சோதனைக் கருவி முடிந்து மூல நிரலில் சேர்ந்திருக்க வேண்டும். ஆறாம் வாரம் நடு மதிப்பீடு வரும்போது இரண்டாம் கட்டத்தின் முதல் வடிவம் ஓட வேண்டும். அதன் பிறகு இரண்டு வாரம் ஆட்டங்களை ஓட்டி எண்களைச் சீராக்க. அடுத்த இரண்டு வாரம் மூன்றாம் கட்டத்துக்கு. கடைசி இரண்டு வாரத்தைக் காலியாக விட வேண்டும்: மென்டரின் கருத்துகளுக்கும், தாமதமான ஒப்புதலுக்கும், எதிர்பாராத பிழைக்கும். அது நிரம்பாமல் போகாது.

விளையாட்டின் வெளியீட்டு முறையும் அட்டவணையில் இடம்பெற வேண்டும். வெஸ்நாத்தில் 1.16, 1.18 போன்ற இரட்டைப்படை எண்கள் நிலைப் பதிப்புகள், 1.17, 1.19 போன்ற ஒற்றைப்படை எண்கள் வளர்ச்சிப் பதிப்புகள். மாணவர் வேலை சேர்வது வளர்ச்சிப் பதிப்பில்தான். 1.16 வந்தது 2021 அக்டோபரில், 1.18 வந்தது 2024 மார்ச்சில். நிலைப் பதிப்பு நெருங்கும்போது புதிய வசதிகளுக்கும் மொழிபெயர்க்க வேண்டிய புதிய சொற்றொடர்களுக்கும் தடை வரும். அந்த நேரத்தில் வந்து சேரும் வேலை அடுத்த சுழற்சிக்குக் காத்திருக்கும்.

நம் ஊர் மாணவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முன்மொழிவு எழுதும் மார்ச்சும் ஏப்ரலும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளும் பருவத் தேர்வுகளும் நெருக்கும் காலம். அந்தத் தேதிகளை மறைக்காமல் எழுதுவது நல்லது. 'மே இரண்டாம் வாரம் வரை நாளுக்கு ஒரு மணி நேரமே தர முடியும்' என்று முன்கூட்டியே சொன்னவரை மென்டர் நம்புவார். சொல்லாமல் இரண்டு வாரம் காணாமல் போனவரை நம்பமாட்டார்.

மறுபக்கம்

இந்த ஏற்பாட்டைப் பற்றிய ஐயங்களும் நியாயமானவை. கோடை முடிந்ததும் மாணவர்கள் போய்விடுகிறார்கள்; அவர்கள் எழுதிய நிரலைப் பராமரிக்கும் சுமை எஞ்சியவர்கள் மேல் விழுகிறது. மென்டர் ஒரு மாணவருக்குச் செலவிடும் மணிகளில் அவரே அந்த வேலையை முடித்திருக்கலாம் என்ற கணக்கும் பல சமயம் உண்மை. உதவித்தொகைக்காக மட்டும் வருபவர்கள் இருக்கிறார்கள். 2017 முதல் தொகை நாட்டின் வாங்கும் சக்திக்கேற்ப மாறினாலும், நம் ஊரில் ஒரு மாணவருக்கு அது கணிசமான பணம்தான்.

அண்மைக் காலத்தில் வேறொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. மொழி மாதிரிகளைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் மூன்று முன்மொழிவுகளை எழுதிவிட முடிகிறது. சொற்கள் சரியாக இருக்கும். தலைப்புகள் ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த விளையாட்டின் அந்தக் கோப்பில் உள்ள அந்தச் சிக்கலைத் தானே எதிர்கொண்டவரின் குரல் அதில் இருக்காது. தன்னார்வத்தில் படிக்கும் ஒருவரின் மாலைப்பொழுதை இப்படி எடுத்துக்கொள்வது தவறு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கருவியைப் பயன்படுத்துவது குற்றமில்லை. தான் புரிந்துகொள்ளாததைத் தன் திட்டம் என்று கொடுப்பதுதான் குற்றம்.

இந்த ஐயங்களுக்கெல்லாம் விடை முன்மொழிவுக்குள்ளேயே இருக்கிறது. தனித்தனியாகச் சேரும் கட்டங்களாக வேலையைப் பகுத்தவர், சோதனையோடும் குறிப்புகளோடும் ஒவ்வொன்றையும் ஒப்படைத்தவர், அவர் போன பிறகும் பிறர் தொடரக்கூடிய ஒன்றைக் கொடுத்துச் செல்கிறார். அப்போது மென்டரின் நேரமும் வீணாகவில்லை.

முடிவு

முப்பதாண்டு காலக் கட்டற்ற வியூக விளையாட்டுகளின் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: நிலைத்தவை எல்லாம், ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுக்கக்கூடியவையாக இருந்தன. மாணவர் முன்மொழிவையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். தேர்வாகிறதா இல்லையா என்பது அதற்கு அடுத்த கேள்விதான். இடங்கள் குறைவு என்பதால் நல்ல முன்மொழிவுகளும் ஒவ்வோர் ஆண்டும் திரும்புகின்றன. ஆனால் அதற்காக ஆடிய ஆட்டமும், படித்த நிரலும், ஏற்கப்பட்ட பேட்சும் மாணவரிடமே தங்கும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டம் என்ற பெயரில் மதிப்பெண் வாங்கியதும் மூடி வைக்கப்படும் நிரலுக்குப் பதிலாக, உயிரோடு இருக்கும் ஒரு கட்டற்ற திட்டத்தில் சேர்ந்த ஒரு பேட்சை மதிப்பிட முன்வாருங்கள். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறையில் ஒரு விளையாட்டைத் தேர்ந்து ஆடுங்கள். அதன் நிரலை உங்கள் கணினியில் கட்டி ஓட்டுங்கள். ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்புங்கள். உங்கள் முன்மொழிவின் முதல் பக்கம் அங்கேயே தொடங்கிவிடும்.